மூச்சு இரைக்கும்போது எந்தச் சீட்டை எடுப்பது?

அரியலூர் மாவட்டம் கீழப்பழுவூர்ப் பக்கம் ஆஸ்துமா உள்ள பிள்ளை இருக்கிற வீடு என்றால் ஆணியில் ஒரு பை தொங்கும். அரியலூர் அரசு மருத்துவமனையின் ஓபி சீட்டு, தஞ்சாவூரில் அட்மிட் ஆகி வந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, திருச்சியில் ஒரு தனியார் டாக்டர் எழுதித் தந்த மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே உறை, ரத்தப் பரிசோதனைத் தாள், மருந்துக் கடை பில் எல்லாம் அதற்குள் இருக்கும். என்ன ஊசி போட்டார்கள், எத்தனை நாள் படுக்க வைத்தார்கள் என்று அந்தத் தாள்கள் சொல்லும். இன்று ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளைக்கு மறுபடி இரைக்க ஆரம்பித்தால் அம்மா முதலில் என்ன செய்ய வேண்டும், மருந்தை எத்தனை தடவை இழுக்க வைக்க வேண்டும், எந்த நிலை வந்தால் 108க்குப் போன் போட வேண்டும் என்பதை மட்டும் பெரும்பாலும் எந்தத் தாளும் சொல்லாது.

அதைச் சொல்வதற்கென்றே ஒரு தாள் மருத்துவ உலகில் உண்டு. 1980களின் கடைசியிலிருந்து பல நாடுகளில் அது புழக்கத்தில் இருக்கிறது. நம் வீடுகளுக்கு அது வந்து சேராததற்கு டாக்டர் பற்றாக்குறை, புறநோயாளி வரிசையின் நீளம், இன்ஹேலர் மீதுள்ள பயம் என்று காரணங்கள் பல. அவற்றோடு, அதிகம் பேசப்படாத இன்னொரு காரணத்தையும் சேர்க்க வேண்டும் என்பது என் வாதம். அந்தத் தாளுக்கு நிலையான பெயர் கிடையாது. ஆங்கிலத்திலேயே கிடையாது, தமிழில் சுத்தமாகக் கிடையாது. பெயர் தெரியாததை ஒரு தாய் கேட்டு வாங்க முடியாது. எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்று ஒரு மாவட்டம் எண்ணிப் பார்க்கவும் முடியாது.

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அதை ‘ஆஸ்துமா ஆக்‌ஷன் பிளான்’ என்கிறார்கள். பிரிட்டனின் வழிகாட்டு நெறிகளில் அது ‘பர்சனலைஸ்டு ஆஸ்துமா ஆக்‌ஷன் பிளான்’. 1993இல் தொடங்கப்பட்ட உலக ஆஸ்துமா முன்முயற்சி அமைப்பான ‘ஜினா’வின் அறிக்கைகள் ‘ரிட்டன்’ என்ற சொல்லை முன்னால் சேர்த்துக்கொள்கின்றன. எழுத்தில் இருக்க வேண்டும் என்பது அதில் அழுத்தம். சிங்கப்பூரிலும் அதே பெயர்தான். அமெரிக்க மருத்துவமனைகளின் தரத்தை மதிப்பிடும் ஜாயின்ட் கமிஷன், குழந்தைகளுக்கான தன் அளவுகோலில் அதை ‘ஹோம் மேனேஜ்மென்ட் பிளான் ஆஃப் கேர்’ என்று எழுதியது. இவை போக, ‘கேர் பிளான்’, ‘செல்ஃப் மேனேஜ்மென்ட் பிளான்’, பள்ளிக்கூடத்துக்குத் தனியாக ஒரு ‘ஹெல்த் கேர் பிளான்’.

எல்லாம் ஒன்றுதானே, எப்படி அழைத்தால் என்ன என்று கேட்கலாம். ஒன்று அல்ல. நோயாளி வீட்டில் தானே செய்ய வேண்டியதைச் சொல்வது ஒரு வகை. மருத்துவமனை நோயாளிக்குச் செய்யப்போவதைச் சொல்வது இன்னொரு வகை: அடுத்த பரிசோதனை எப்போது, எந்த மருந்தைக் குறைப்பது, யார் பார்ப்பது. ஆசிரியர் செய்ய வேண்டியது மூன்றாவது. கடைசியாக, கல்வி, கண்காணிப்பு, தொடர் சந்திப்பு, தாள் ஆகிய அனைத்தும் சேர்ந்த முழுத் திட்டம் ஒன்று. இந்த நான்கையும் ஒரே சொல்லால் சுட்டுவதும், ஒன்றையே நான்கு சொற்களால் சுட்டுவதும் ஆய்வுக் கட்டுரைகளில்கூட நடக்கிறது. அதன் விளைவு சிறியதல்ல.

மருத்துவச் சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வுகள் இரண்டை அருகருகே வைத்துப் பார்த்தால் இது புரியும். 2000களின் தொடக்கத்தில் பீட்டர் கிப்சன் குழுவினர் 36 சோதனைகளைத் தொகுத்தார்கள். பெரியவர்களுக்கு நோயைப் பற்றிக் கற்றுக்கொடுத்து, தாங்களே கவனித்துக்கொள்ளப் பழக்கி, மருத்துவரைத் தொடர்ந்து பார்க்க வைத்தபோது, மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இந்த ஏற்பாட்டோடு எழுத்துத் திட்டமும் சேர்ந்திருந்தபோதுதான் பலன் அதிகம். 2017இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு, தாளை மட்டும் தனியாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டது. கிடைத்த சான்று பலவீனமாக இருந்தது. உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை. முதல் ஆய்வை மட்டும் படித்தவர் ‘பிளான் வேலை செய்கிறது’ என்பார், இரண்டாவதை மட்டும் படித்தவர் ‘பிளானால் பலன் உண்டு என்று சொல்ல முடியாது’ என்பார். இருவரும் சொல்வது உண்மை. இருவர் வாயிலும் ஒரே சொல் இருக்கிறது, சுட்டப்படும் பொருள்தான் வேறு.

அமெரிக்காவில் நடந்ததை இன்னும் கவலையோடு படிக்க வேண்டியிருக்கிறது. ஜாயின்ட் கமிஷனின் அளவுகோலின்படி, ஆஸ்துமாவால் சேர்க்கப்பட்ட குழந்தையை வீட்டுக்கு அனுப்பும்போது பெற்றோர் கையில் வீட்டுப் பராமரிப்புத் தாள் ஒன்றைக் கொடுத்தாக வேண்டியிருந்தது. 30 குழந்தைகள் மருத்துவமனைகளின் தரவை ஆராய்ந்த கட்டுரை 2011இல் ‘ஜாமா’ இதழில் வந்தது. தாள் கொடுப்பது 40 சதவீத அளவிலிருந்து 70 சதவீதத்துக்கு மேல் உயர்ந்திருந்தது. ஆனால் அதே குழந்தைகள் மறுபடி அவசர சிகிச்சைக்கு வருவதும் மறுபடி சேர்க்கப்படுவதும் அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை. பெயர் இருந்தது, எண்ணிக்கை இருந்தது. அம்மாவோடு உட்கார்ந்து அந்தத் தாளை யாராவது வாசித்தார்களா என்பதை மட்டும் அளவுகோல் கேட்கவில்லை. ஆகவே பெயர் வைத்தால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. பெயரும் வேண்டும், பெயருக்குள் என்ன இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டும், கொடுக்கும்போது பேசுகிற ஆளும் வேண்டும்.

பெயர் இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு பிரிட்டன் சாட்சி. 2012 பிப்ரவரியிலிருந்து ஓராண்டுக் கால ஆஸ்துமா மரணங்களை அங்கே ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து, 2014 மே மாதம் அறிக்கை வெளியிட்டார்கள். ஆஸ்துமாவால்தான் இறந்தார்கள் என்று முடிவான 195 பேரில், தனிப்பட்ட செயல்திட்டம் கொடுத்ததற்கான பதிவு 44 பேருக்குத்தான் இருந்தது, 23 சதவீதம். 87 பேர் மருத்துவ உதவியைத் தேடாமலோ, உதவி வந்து சேருவதற்கு முன்போ இறந்திருந்தார்கள். நாட்டையே உலுக்கிய இந்த எண்களை எடுக்க முடிந்ததற்குக் காரணம், மருத்துவப் பதிவேடுகளில் தேடுவதற்கு ஒரு பெயர் இருந்ததுதான். நம் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் இதே கேள்வியைக் கேட்டால் எந்தப் பதிவேட்டில், எந்தச் சொல்லைத் தேடுவது?

இந்தியாவுக்கு இந்தக் கேள்வி கட்டாயமானது. உலக நோய்ச்சுமை ஆய்வின் 2019 மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஆஸ்துமா உள்ளவர்கள் சுமார் 3.43 கோடி, உலக ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ 13 சதவீதம். உலகின் ஆஸ்துமா மரணங்களிலோ நம் பங்கு 40 சதவீதத்துக்கும் மேல். நோயில் எட்டில் ஒரு பங்கு, சாவில் ஐந்தில் இரண்டு பங்கு. இந்த இடைவெளியை நோயின் கொடுமை என்று சொல்லிக் கடந்துபோக முடியாது. பராமரிப்பில் உள்ள ஓட்டைதான் இது.

கீழப்பழுவூரின் நிலத்தைத் தெரிந்தவர்களுக்கு மூச்சைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. சம்பந்தர் பாடிய ஆலந்துறையார் கோயிலும் பழுவேட்டரையர்களின் பெயரும் வரலாற்று வாசகர்களுக்குத் தெரிந்தவை. அதற்கும் பல கோடி ஆண்டுகள் முன்னால் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக் கல்தான் இன்றைய சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும். கல் ஏற்றிய லாரிகள் நாள் முழுக்க ஓடும் சாலைகள், வீட்டுக்குள் எரியும் முந்திரி விறகும் சீமைக் கருவேல விறகும், நெல் அடிக்கும் காலத்துத் தூசி, பெரம்பலூர்ப் பக்கம் சோளமும் பருத்தியும் கிளப்பும் தூசி, மார்கழிப் பனி, போகிப் புகை. ஆஸ்துமா உள்ளவருக்கு இவற்றில் ஏதாவது ஒன்று போதும். எதனால் வந்தது என்ற விவாதம் தனியாக நடக்கட்டும். வந்த பிறகு என்ன செய்வது என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் இன்றிரவுக்கே தேவைப்படுகிற விஷயம்.

இங்கே இன்னொரு சிக்கல் முன்னால் வந்து நிற்கிறது. திட்டத்துக்குப் பெயர் வைப்பதற்கு முன், நோய்க்கே நாம் பெயர் சொல்வதில்லை. “ஆஸ்துமால்லாம் இல்லீங்க, வீசிங்தான்” என்று சொல்லாத பெற்றோர் குறைவு. பெண் பிள்ளை என்றால் இன்னும் கவனமாகச் சொல்வார்கள், நாளைக்குக் கல்யாணம் பேச வேண்டுமே. டாக்டர்களும் இதற்கு ஒத்துப்போகிறார்கள். ‘அலர்ஜிக் பிராங்கைடிஸ்’, ‘எல்ஆர்ஐ’, ‘ஹைப்பர் ரியாக்டிவ் ஏர்வே’, ‘சளிக் கட்டு’ என்று சீட்டில் எழுதுவார்கள். ஒரு காலத்தில் ‘பிரைமரி காம்ப்ளெக்ஸ்’ என்று சொல்லி, காசநோய் மருந்தை மாதக்கணக்கில் விழுங்கிய பிள்ளைகள் தமிழ்நாட்டில் ஏராளம். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு ஆஸ்துமா என்று உடனே முத்திரை குத்தத் தயங்குவதில் மருத்துவ நியாயம் உண்டு. சளிக்காய்ச்சலோடு வரும் இரைப்பு பல பிள்ளைகளுக்கு வளர வளர நின்றுவிடும். எட்டு வயதிலும் பத்து வயதிலும் மாதாமாதம் இரைக்கிற பிள்ளைக்கு அந்த நியாயம் பொருந்தாது. ஒவ்வொரு தடவையும் புதிய நோய் போல எழுதப்படும் வரை, நீண்டகாலத் திட்டம் எழுத யாருக்கும் தோன்றாது. டெரிஃபிலின் ஊசி, டெக்ஸா ஊசி, நெபுலைசர், வீடு. அடுத்த மாதம் மறுபடி அதே.

‘வீசிங்’ என்ற பெயரில் உயிருக்கே ஆபத்தான ஒன்றும் ஒளிந்திருக்கிறது. அது சத்தத்தின் பெயர். சத்தம் வந்தால் நோய், சத்தம் அடங்கினால் குணம் என்று வீடு புரிந்துகொள்கிறது. ஆஸ்துமா உச்சத்துக்குப் போகும்போது சீற்றம் அடங்கிவிடலாம். சத்தம் எழுப்பும் அளவுக்குக் காற்று உள்ளே போவதில்லை என்பதே அதற்குக் காரணம். பிள்ளை அயர்ந்து தூங்குவது போலத் தெரியும். “இப்பத்தான் கொஞ்சம் அடங்கியிருக்கு” என்று அம்மா நிம்மதி அடையும் அந்த நேரம்தான் ஆம்புலன்ஸ் வந்திருக்க வேண்டிய நேரம். இதற்கு நேர்மாறாக, இரைப்பே இல்லாமல் ராத்திரி இருமலாக மட்டும் வரும் ஆஸ்துமாவும் உண்டு. அது ‘வீசிங்’ கணக்கிலேயே சேராது.

பழைய சொற்களும் உதவவில்லை. ‘இழுப்பு’ என்றால் சில வீடுகளில் மூச்சிரைப்பு, சில வீடுகளில் வலிப்பு. அவசர அழைப்பில் அந்த ஒரு சொல்லை மட்டும் பதறிப்போய்ச் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் என்ன புரிந்துகொள்வார்? ‘மூச்சு வாங்குது’ என்றால் இதயமாகவும் இருக்கலாம். சித்த மருத்துவர் ‘சுவாச காசம்’ என்பார், ஈழத் தமிழர் ‘தொய்வு’ என்பார், ‘முட்டு’ என்பார். பேச்சில் இவை இருந்துவிட்டுப் போகட்டும். சீட்டில் ‘ஆஸ்துமா’ என்று ஒரே சொல் இருக்க வேண்டும். அது வெளிச் சொல்தான். ஆனால் எல்லா ஊரிலும் எல்லாரும் ஒரே பொருளில் புரிந்துகொள்ளும் சொல் அதுதான்.

மருந்தின் பெயர்கள் இன்னொரு காடு. மருத்துவர்கள் இரண்டு வகையாகப் பிரிப்பார்கள்: மூச்சுக் குழாயை உடனே விரிக்கிற மருந்து, குழாயின் உள் வீக்கத்தை நாள்தோறும் அடக்கி வைக்கிற மருந்து. வீட்டில் இரண்டும் ‘பம்பு’. கேப்சூல் போட்டு இழுக்கிற கருவியானால் ‘கேப்சூல்’. அந்தச் சொல்லைக் கேட்டு மாத்திரை போல விழுங்கிவிடுகிறவர்கள் உண்டு. கிராமத்து அறியாமை என்று இதை ஒதுக்க வேண்டாம். இழுக்க வேண்டிய கேப்சூல்களை நோயாளிகள் விழுங்குகிறார்கள் என்று 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரிக்கை விட வேண்டியிருந்தது.

இந்த இரண்டு வகைப் பிரிப்பும் இப்போது கலைந்துவருகிறது. உடனே விரிக்கிற சால்புட்டமாலை மட்டும் தனியாக நம்பி இருப்பது ஆபத்து என்று ஜினா 2019இல் நிலைப்பாட்டை மாற்றியது. புடெசோனைடும் ஃபார்மோடெராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலரை, தினசரி மருந்தாகவும் அவசர மருந்தாகவும் பயன்படுத்தலாம் என்ற முறை முன்னுக்கு வந்தது. அந்த ஒரே முறைக்கு பிரிட்டனில் ‘மார்ட்’, அமெரிக்காவில் ‘ஸ்மார்ட்’, ஜினா அறிக்கையில் 2021 முதல் ‘டிராக் 1’ என்று பெயர்கள். பிரிட்டனின் ஒருங்கிணைந்த வழிகாட்டுதல் 2024 நவம்பரில் இதே வழிக்கு வந்தது. இந்தியாவின் 2022ஆம் ஆண்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அந்தக் கூட்டு மருந்து இருக்கிறது. ‘தடுக்கிற பம்பு, திணறலுக்கு வேறு பம்பு’ என்று சொல்லிக்கொடுத்த பழைய தாளையும், ‘இரண்டுக்கும் ஒன்றே’ என்று சொல்லும் புதிய தாளையும் ஒரே பையில் வைத்திருக்கும் வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு என்ன நடக்கும் என்பதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

தாளுக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதில் நல்ல வேளையாகக் குழப்பம் குறைவு. கிப்சனும் ஹீதர் பவலும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டிலிருந்து நான்கு படிகள் போதும் என்று காட்டியது. எத்தனை வண்ணம் என்பது முக்கியமில்லை. மோசமாகும்போது எந்த ஸ்டீராய்டு மருந்தை எவ்வளவு கூட்டுவது என்ற தெளிவான சொல் இருந்தால் பலன் நிச்சயம். குழந்தைகளைப் பற்றிய 2006ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்வு நமக்கு இன்னும் உதவியானது. ஊதி அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரை வைத்து எழுதிய திட்டத்தைவிட, கண்ணால் பார்க்கும் அறிகுறிகளை வைத்து எழுதிய திட்டமே குழந்தைகளுக்கு நன்றாக வேலை செய்தது. மீட்டர் வாங்க வழியில்லாத வீட்டுக்கும் முழுத் தரமான திட்டம் கொடுக்க முடியும் என்பது இதன் பொருள். பேச்சு துண்டு துண்டாக வருகிறதா, விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுகிறதா, உதடு நீலம் பூக்கிறதா, பால் குடிக்க முடியாமல் திணறுகிறதா: இவற்றைப் பார்க்க எந்தத் தாய்க்கும் கருவி வேண்டாம்.

நியூசிலாந்தில் மாவோரி மக்களின் கிராமப்புறத்தில் 1990களின் தொடக்கத்தில் செய்தது இதற்கு நல்ல முன்னுதாரணம். கிரெடிட் கார்டு அளவில் ஒரு பிளாஸ்டிக் அட்டை. ஒரு பக்கம் அறிகுறிகளை வைத்து, மறுபக்கம் மீட்டர் அளவை வைத்து, செய்ய வேண்டியவை. மருத்துவமனைக்கு மக்களை வரச் சொல்லாமல், அவர்கள் கூடும் சமூக மன்றங்களிலேயே கிளினிக் நடத்தி அதைக் கொடுத்தார்கள். நோயின் கடுமை குறைந்தது. நம் பக்கத்தில், கேரளத்தின் குடும்ப சுகாதார மையங்களில் ‘ஸ்வாஸ்’ என்ற பெயரில் ஆஸ்துமாவுக்கும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கும் தனி கிளினிக்குகள் நடக்கின்றன. திட்டத்தின் பெயரே ‘மூச்சு’ என்று பொருள் தருவதால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் இதற்கான கட்டமைப்பு இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் முன்னிறுத்தி வீட்டு வாசலுக்கு வந்தது. தொற்றாநோய்களுக்கான தேசியத் திட்டம் 2023இல் பெயர் மாறி விரிந்தபோது ஆஸ்துமாவும் அதற்குள் வந்தது. அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. வீடு வீடாக வரும் சுகாதாரத் தன்னார்வலர் ‘பிரஷர் மாத்திரை இருக்கா’ என்று கேட்பது போல ஆஸ்துமாவுக்கும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு ஒரு பெயர்ச்சொல் தேவை.

‘ஆஸ்துமா அட்டை’ என்று வைக்கலாம் என்பது என் யோசனை. ‘செயல்திட்டம்’, ‘நடவடிக்கைத் திட்டம்’, ‘தற்பராமரிப்புத் திட்டம்’ எல்லாம் அச்சில் அழகாக இருக்கும், யார் வாயிலும் வராது. அட்டை என்பது நம் மக்கள் பாதுகாத்து வைக்கிற பொருள். ரேஷன் அட்டை, தடுப்பூசி அட்டை, தாய் சேய் நல அட்டை என்று எதுவும் வீட்டில் தொலைவதில்லை. கர்ப்பிணிகளைப் பதியும் ‘பிக்மி’ எண் என்னும் சொல்லுக்கு முழு விரிவு தெரிந்த தாய் அரிது. ஆனாலும் அந்த எண்ணைக் கேட்டு வாங்காத தாய் இல்லை, பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும். ஒரே பெயரும், அந்தப் பெயரைக் கேட்கும் பல வாய்களும் சேர்ந்தால் ஒரு தாள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பள்ளியில் சேர்க்கும்போது தலைமை ஆசிரியர் கேட்கட்டும், “ஆஸ்துமா அட்டை இருக்கா?” ஆம்புலன்ஸில் ஏற்றும்போது கேட்கட்டும். மருந்துக் கடையில் கேட்கட்டும். டிஸ்சார்ஜ் சம்மரியின் அச்சுப் படிவத்திலேயே ‘ஆஸ்துமா அட்டை கொடுக்கப்பட்டது, பெற்றோரோடு வாசிக்கப்பட்டது’ என்று இரண்டு வரி தனித்தனியாக இருக்கட்டும். அமெரிக்காவில் விட்டுப்போனது அந்த இரண்டாவது வரிதான்.

அட்டையில் மருந்தின் பெயரோடு கருவியின் படமும் நிறமும் இருக்க வேண்டும். பிராண்டு மாறும்போது நிறமும் மாறும் என்பதால் மருந்துக் கடையில் மாற்றித் தருவதையும் எழுத இடம் வேண்டும். இன்ஹேலரில் பொருத்தும் குழலான ஸ்பேசரை வைத்து இழுப்பதா, வைக்காமலா என்பது வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தேதி வேண்டும்: எழுதிய நாள், மறுபடி பார்க்க வேண்டிய நாள். மூன்று வருடத்துக்கு முன் எடை 18 கிலோவாக இருந்த பிள்ளைக்கு எழுதிய அளவு இன்று பொருந்தாது. 2019க்கு முன் எழுதிய முறையே இன்று மாறிவிட்டது. புதிய அட்டை கொடுக்கும் நர்ஸ், பையிலிருந்து பழையதைக் கேட்டு வாங்கி, குறுக்கே கோடு போட்டு, கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும்.